எப்போதும்போல இருக்க வேண்டியவர்

“நீங்க மாறவே கூடாது சார். இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருக்கணும்” என்று ஒருவர் கேட்டுக்கொண்டது தராசுக்காரரின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியை, ‘கேட்டியா?’ என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

“நல்லா இருக்கே கதை” என்றார் அந்த அம்மாள். “கல்யாணமான நாள்லேர்ந்து மாறுங்க மாறுங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன். மாறாதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு படிச்ச பொண்ணு, அதுக்குன்னு ஒரு ஆபீஸ், அதுக்கு ஏசி வேற!”

எதிரே மேசைக்குப் பின்னால் இருந்த ஆய்வாளர் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தராசுக்காரர் என்பது பட்டப்பெயர். கடைகளில் இருக்கும் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டி “தராசுக்காரர் வர்றார்” என்பார்கள். வேலை போயும் பெயர் போகவில்லை. மனைவிக்கும் அதே கதைதான். தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரையெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேச வைத்தவர். வீட்டுக் கதவைத் தட்டினால்கூட உள்ளேயிருந்து “ஹலோ!” என்றுதான் குரல் வரும். தெருவுக்கே அவர் ஹலோ அம்மா.

போன வருஷம் ஹலோ அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை, தைரியம்தான் முறிந்தது. அதற்கு எந்த ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறார்கள்? அன்றிலிருந்து படியிறங்கினாலும், ரொட்டிக் கடைக்குப் போனாலும், மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனாலும், அவருடைய வலது முழங்கை தராசுக்காரரின் இடது கையில் இருக்கும். “பார்த்து, பார்த்து” என்று இவர் சொல்ல, “உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்” என்று அவர் முனக, இருவரும் தெருவில் ஊர்ந்து போவார்கள். நாளாக நாளாக அந்த அம்மாள் வெளியே வருவதே குறைந்து, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கதவைத் தட்டினால் “யாரு?” என்று சன்னமாகக் கேட்டார். அந்த ‘யாரு’ தராசுக்காரரின் நெஞ்சை அறுத்தது.

அதேசமயம், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவரை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. இந்த ஒரு முழங்கைதான் அவர் பொறுப்பில் இருந்தது.

நூலக வாசலில் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர் அவர்தான். ‘நலமாக வயதாவது எப்படி? எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் வந்து எங்களோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள்’ என்று எழுதியிருந்தது. எங்களுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட நேர்மை அவருக்குப் பிடித்துப்போயிற்று. எப்படியாவது இவளுக்குப் பழைய தைரியம் வந்தால் போதும் என்று மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் நாள் சில சோதனைகள் இருந்தன. தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவின் மேல் தவறாமல் நடக்க வேண்டும். நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழ வேண்டும். கடைசியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஹலோ அம்மா ஒற்றைக் காலைத் தூக்குவதற்குள்ளேயே “ஐயோ” என்று இறக்கிவிட்டார். அடுத்தது தராசுக்காரர்.

“நீங்க அப்படி ஓரமா உட்காருங்கம்மா” என்றாள் ஆய்வாளர் பெண்.

“அதெல்லாம் வேணாம். அவ நின்னா நான் பக்கத்துல இருக்கணும்” என்றார் தராசுக்காரர். “நான் பாட்டுக்கு நிக்கிறேன், இவளையும் பிடிச்சுக்கிறேன். ரெண்டு வேலையும் எனக்குப் பழக்கம்தான்.”

சொன்னபடியே மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். ஆய்வாளர் பெண் அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்தவள். தன் சோதனையின் போதும் மனைவியை விடாத இந்த மனிதரைப் பார்த்து மனம் உருகிப்போய், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் பதிந்துகொண்டாள். அந்தப் பெண்ணை எல்லோரும் டாக்டர் என்றார்கள். “நான் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லீங்க, படிச்சு வாங்கின டாக்டர்” என்று அவள் ஒவ்வொருவரிடமும் விளக்கியதால், தராசுக்காரர் அன்றே படிப்பு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்.

பிறகு கணினி சீட்டுக் குலுக்கிப் போட்டது. பாதிப் பேர் ஆறு மாதம் நடன வகுப்புக்குப் போக வேண்டும். மீதிப் பேர் எப்போதும்போல இருக்க வேண்டும். ஹலோ அம்மாவுக்கு நடனம் விழுந்தது, தராசுக்காரருக்கு எப்போதும்போல.

“ஆடினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்னா, ஆடாதவங்களையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும் சார். நீங்க இல்லாம ஆய்வே இல்ல” என்றாள் படிப்பு டாக்டர். “எல்லாம் முடிஞ்சதும் உங்களுக்கும் வகுப்பு உண்டு.”

தராசுக்காரருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவருடைய அலுவலகத்தில், இரும்பு அலமாரிக்குள், வெல்வெட் விரித்த பெட்டியில் ஒரு பித்தளை எடைக்கல் இருந்தது. அது எந்தக் கடைக்கும் போகாது, எதையும் நிறுக்காது. மற்ற எடைக்கற்கள் சரியா என்று பார்ப்பதற்காக அது மட்டும் மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் அதன் உத்தியோகம். வெறும் கையால் தொட்டால்கூட எடை மாறிவிடும் என்று கையுறை போட்டுத்தான் தொடுவார்கள்.

“அப்போ நான்தான் அந்தக் கல்லு” என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

“கல்லுதான். அதுல எனக்கு எப்பவுமே சந்தேகம் இருந்ததில்ல” என்றார் ஹலோ அம்மா.

எப்போதும்போல இருப்பது லேசான காரியம் என்று நினைப்பவர்கள் தராசுக்காரரோடு அந்த ஆறு மாதம் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். பற்பசை தீர்ந்தது, கடையில் அதே பற்பசை இல்லை. வேறு வாங்க மாட்டேன் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். முடி வெட்டுபவர் உடம்பு சரியில்லாமல் கடையை மூடியிருந்தார். பக்கத்துக் கடைக்குப் போகாமல், அவர் எழுந்து வரும்வரை காடு மாதிரி வளர்த்துக்கொண்டு திரிந்தார். சாப்பாட்டு நாற்காலி கிரீச் கிரீச் என்று கத்தியது. எண்ணெய் விட வந்த மனைவியைத் தடுத்து, “ஆய்வு ஆரம்பிச்சப்பவும் கத்துச்சு, இப்பவும் கத்தட்டும்” என்றார். வெளியூரில் இருந்த மகள் புதுச் செருப்பு வாங்கி அனுப்பியபோது பெட்டியைப் பிரிக்காமல் பரண்மேல் ஏற்றிவிட்டார். படிப்பு டாக்டர் தொலைபேசியில் அழைத்து, “அவ்வளவெல்லாம் வேணாம் சார், செருப்பு மாத்தலாம்” என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை.

நடன வகுப்பு நாட்களில் மனைவியின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கூடத்தின் கதவருகே ஒப்படைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நடன மாஸ்டர் பருத்த உடம்புக்காரர், ஆனால் கால் வைப்பது தரைக்கே தெரியாது. கதவு சாத்தியதும் பாட்டு ஆரம்பிக்கும். தராசுக்காரரின் வலது கால் தன் பாட்டுக்குத் தாளம் போடத் தொடங்கும். கல்லுக்குத் தாளம் ஆகுமா? அந்தக் காலை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சமையலறையில் ஹலோ அம்மா மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னே, ஒரு அடி பக்கவாட்டில் என்று பழகுவார். இவர் எட்டிப் பார்த்தால் கரண்டியை ஓங்குவார். “இந்தப் பக்கம் பார்க்காதீங்க, உங்களுக்கு ஒட்டிக்கும்!” தராசுக்காரர் நல்ல பிள்ளையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார்.

கொஞ்ச நாளில் மேடையைப் பிடிக்கும் கை விலகியது. வகுப்பில் கிடைத்த கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தார்கள். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி வந்தால் சிரிப்புச் சத்தம் கீழ்வீடு வரை கேட்கும். ஒருநாள் அவர் வந்து கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து பழைய குரல் கணீரென்று வந்தது.

“ஹலோ!”

தராசுக்காரர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணாடி நனைந்துவிட்டது. அவர் ஆசைப்பட்டது இதற்குத்தானே.

அதற்கடுத்த வாரம், ரொட்டிக் கடைக்கு எதிரே சாலையைக் கடக்க நின்றபோது, ஹலோ அம்மா மெல்லத் தன் முழங்கையை விடுவித்துக்கொண்டார்.

“விடுங்க, நான் பார்த்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னால் போதாது. விறுவிறுவென்று கடந்து, அந்தப் பக்கம் நின்று, “வாங்க வாங்க, வண்டி வருது!” என்று கையை ஆட்டினார். தராசுக்காரர் இந்தப் பக்கமே நின்றார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார், சந்தோஷம்தான். ஆனால் அந்த இடது கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார். எங்கே வைத்தாலும் அது வேலை இழந்த கையாகவே இருந்தது. இனி இவளுக்கு நான் எதற்கு என்ற எண்ணம் வந்து உட்கார்ந்தது, துரத்தினாலும் போகவில்லை.

அதன் பிறகு அவர் தெருவில் சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார். கேட்டால் நிழல் என்றார். நிழல் எதிர்ப்பக்கம் இருந்த சாயங்காலங்களிலும் இந்தச் சுவரோரம்தான் நடந்தார். படியிறங்கும்போது கைப்பிடியைத் தடவிக்கொண்டே இறங்கினார். தான் எதையும் மாற்றவில்லை என்றே சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் முடிந்து மறுபடி சோதனை. ஹலோ அம்மா நாடாமேல் நடந்ததைப் பார்க்க அடுத்த அறையிலிருந்தெல்லாம் வந்து நின்றார்கள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டே தபால்காரியோடு ஊர்க்கதை பேசினார். பிறகு நடன மாஸ்டர் கூப்பிட்டாரென்று கூடத்துக்குப் போய்விட்டார். தராசுக்காரர் தனியாக ஒற்றைக் காலைத் தூக்கினார்.

தூக்கினாரோ இல்லையோ, அறை சாய்ந்தது. படிப்பு டாக்டர் பாய்ந்து பிடித்தாள். இன்னொரு தடவை முயன்றார், இன்னொரு தடவை அவள் பிடித்தாள். முதல் நாள் நின்ற நேரத்தில் கால்வாசிகூடத் தேறவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

“சார், இவ்வளவு குறையக் கூடாதே. உடம்புக்கு ஏதாவது முடியாம இருந்துச்சா?”

“ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் எப்பவும்போலத்தான்” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. “இதை மட்டும் என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. இப்பத்தான் அவ சிரிக்க ஆரம்பிச்சிருக்கா.”

“உங்க விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க மருந்து கொடுக்கிற டாக்டரை ஒருதடவை பார்த்துடணும், சரியா?”

பார்த்தார். அந்த டாக்டர் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, “புதுசா ஒரு கோளாறும் இல்ல. வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கீங்க. கொஞ்சம் உடற்பயிற்சி பண்ணுங்க” என்று அனுப்பிவிட்டார். தராசுக்காரருக்கு அதுதான் இன்னும் பெரிய அடி. கோளாறு இருந்தால் மருந்து சாப்பிடலாம். மாறாமல் இருப்பதற்காக மட்டும் வைத்திருந்த கல் தேய்ந்துபோனால் யாரிடம் சொல்வது?

அடுத்த வாரம் கலந்துரையாடல் கூட்டம். ஆடியவர்களும் ஆடாதவர்களும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் சுற்றி வந்தன. படிப்பு டாக்டர் நடுவில் நின்று, “கணக்கெல்லாம் நாங்க போடுவோம். ஆனா நாங்க கேட்காம விட்டது என்னன்னு நீங்கதான் சொல்லணும். எதுவானாலும் சொல்லுங்க, தப்புன்னு ஒண்ணும் இல்ல” என்றாள்.

தபால்காரி எழுந்து, முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது அதை நினைக்க நேரமில்லை என்றார். ஆடாத கட்சியில் ஒருவர், எப்போதும்போல இரு என்று சொன்ன பிறகுதான் தான் எவ்வளவு நேரம் படுத்தே கிடக்கிறோம் என்று தெரிந்ததாகச் சொல்லிச் சிரிப்பை வாங்கினார். ஹலோ அம்மா எல்லோர் பேச்சையும் எடுத்துக்கொடுத்து, ஒருவரை ஒருவரோடு முடிச்சுப்போட்டு, பழைய வேலையையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

தராசுக்காரர் எழுந்து நின்றார். பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சொல்லாமல் விட்டால் மனைவியின் சிரிப்பு தப்பும், ஆய்வு தப்பாகும். தப்பான கல்லைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க அவரால் முடியாது.

“என் கணக்கைச் சேர்க்காதீங்கம்மா. நான் கெட்டுப்போயிட்டேன்.”

ஹலோ அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

“முதல் நாள் கம்பம் மாதிரி நின்னேன். இப்ப நிக்க முடியல. நான் எதையும் மாத்தல. அதே பற்பசை, அதே செருப்பு, அதே நாற்காலி. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணே ஒண்ணுதான் மாறியிருக்கு. இவ முழங்கையை நான் இப்ப பிடிக்கிறதில்ல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியல. நேர்மையாச் சொல்லணும்னு சொல்றேன்.”

படிப்பு டாக்டரின் கை மெல்ல மெல்ல வாய்க்குப் போயிற்று. “ஐயோ” என்றாள். “முதல் நாள் நீங்க அம்மாவைப் பிடிச்சுட்டு நின்னீங்க. நான் அதைப் பார்த்துட்டே நேரத்தை எழுதினேன். எவ்வளவு பிரியம்னு பார்த்தேனே தவிர, வேற எதையும் பார்க்கல!”

ஹலோ அம்மா எழுந்தார். யாரையும் பிடிக்காமல் நேராக வட்டத்தின் நடுவே வந்து நின்றார். “இங்க வாங்க” என்றார். “என் கையைப் பிடிங்க. எப்பவும் பிடிப்பீங்களே, அப்படி. இப்ப காலைத் தூக்குங்க.”

தராசுக்காரர் பிடித்தார், தூக்கினார். கம்பம் மாதிரி நின்றார்.

“இப்ப நான் விடப்போறேன். டாக்டர், அந்தப் பக்கம் தயாரா நில்லுங்க.”

முழங்கை விலகியது. தராசுக்காரர் காற்றில் துழாவி, அந்தப் பக்கம் சாய்ந்து, இந்தப் பக்கம் சாய்ந்து, படிப்பு டாக்டர் கை நீட்டுவதற்குள் மறுபடி மனைவியின் முழங்கைக்கே வந்து சேர்ந்தார். கூட்டம் முழுக்கக் கையைத் தட்டியது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனால் ஹலோ அம்மா கை தட்டவில்லை. கணவரின் பிடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் கோத்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“ஏங்க, அப்ப நீங்கதான் என்மேல சாஞ்சிட்டிருந்தீங்களா?”

“தெரியாதும்மா. உன்னைத் தாங்கறேன்னுதான் நினைச்சேன். சத்தியமா.”

“விழுந்ததுலேர்ந்து ஒவ்வொரு நாளும் அழுதேன், உங்களுக்குத் தெரியாம. இந்த மனுஷனுக்குப் பாரமாயிட்டோமே, இனிமே இழுத்துட்டே அலையணுமேன்னு. இந்த டான்ஸை விடாமப் பழகினதே உங்க கைக்கு ஒரு ஓய்வு கொடுக்கலாம்னுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொலைபேசி நிலையமே கேட்கும் குரலில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “கேட்டீங்களா எல்லாரும்? நடக்கவே பயந்து நடுங்கிட்டிருந்தப்பக்கூட நான் ஒரு முழு ஆம்பளையைத் தாங்கிப் பிடிச்சிருக்கேன்!”

தபால்காரி விசில் அடித்தார். தராசுக்காரர் தன்னை மறந்து சிரித்தார். இவளுக்கு நான் எதற்கு என்று இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்திருந்த எண்ணம் எப்போது எழுந்து போனது என்று அவருக்கே தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் படிப்பு டாக்டர், அவருடைய முதல் நாள் அளவைச் சேர்க்க முடியாது, தவறு தன்னுடையதுதான், அதையும் அப்படியே எழுதி வைப்பேன் என்றாள். தராசுக்காரரின் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று.

“ஆனா சார், நாங்க இதுவரைக்கும் ஒவ்வொரு ஆளாத்தான் அளந்திட்டிருக்கோம். சேர்ந்து நடக்கிற ரெண்டு பேரைச் சேர்த்து அளக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. அடுத்த ஆய்வு அதுதான். அதைத் திட்டம் போடுறப்ப நீங்க ரெண்டு பேரும் எங்ககூட உட்காரணும். வருவீங்களா?”

“வருவோம்” என்றார் ஹலோ அம்மா, கணவரைக் கேட்காமலே. “இவரும் வருவார். எப்பவும்போல.”

ஆடாதவர்களுக்கான நடன வகுப்பு அடுத்த மாதமே தொடங்கியது. தராசுக்காரர் பரண்மேல் இருந்த புதுச் செருப்பை இறக்கிப் போட்டுக்கொண்டார். அதற்கு முன் சாப்பாட்டு நாற்காலிக்கு எண்ணெய் விட்டார். கூடத்துக் கதவருகே அவரை ஒப்படைத்துவிட்டுப் பெஞ்சில் உட்காரப் போன ஹலோ அம்மாவை, உதவிக்கு ஆள் வேண்டும் என்று மாஸ்டர் உள்ளே இழுத்துக்கொண்டார்.

“ஜோடி சேருங்க” என்றார் மாஸ்டர். “கையை லேசாத்தான் பிடிக்கணும். பாரம் போடக் கூடாது. ஒருத்தர் நடத்தணும், இன்னொருத்தர் கூடவே வரணும்.”

இருவரும் எதிரெதிரே நின்று கை கோத்துக்கொண்டார்கள். மாஸ்டர் சுற்றி வந்து அவர்கள் முன் நின்றார்.

“உங்க ரெண்டு பேர்ல யாரு யாரை நடத்தறது?”

“நான்தான் இவளை” என்றார் தராசுக்காரர்.

“நான்தான் இவரை” என்றார் ஹலோ அம்மா, அதே நொடியில்.

மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி தெரியவில்லை. “சரி, எப்படியோ போங்க” என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போடப் போனார்.